ஸ்ட்ரட் பார் போட்டால் வேகன் திருந்துமா?

என் தங்கையின் கணவர் தவில் வாசிப்பவர். மலேசியாவில் தாப்பாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் அவருடைய தவில், நாதஸ்வரக்காரர், சுருதிப் பெட்டி, மாற்றுத்துணி மூட்டை எல்லாம் என்னுடைய வோல்வோ 240 வேகனில்தான் போகும். செம்மண் ரோட்டில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறினால், பின்னால் படுத்திருக்கும் தவில் தானாக ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் விடும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்தே ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் அந்தச் சத்தம் வராது. இதை முதலில் கவனித்தவர் அவர்தான்.

“மச்சான், காரு முறுக்கிக்குது. அதான் தோல் பேசுது.”

“பழைய காருதானே மாப்பிள்ளை. அப்படித்தான் இருக்கும்.”

“பழசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மச்சான். என் தவிலும் பழசுதான். நட்டை இறுக்கிட்டா நிக்குதுல்ல?”

அந்தப் பேச்சு என்னை இரண்டு வருஷம் விடவில்லை. எந்த நட்டை இறுக்கினால் ஒரு வேகன் நிற்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வட்டாரத்தில் காரில் ஆசை உள்ள பையன்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் வாங்குவது பார்தான், அதாவது பாடி முறுக்காமல் இருக்கக் குறுக்கே மாட்டும் முட்டுக் குழாய். முன் ஸ்ட்ரட் பார், பின் ஸ்ட்ரட் பார், ரூம் பார், ஃபெண்டர் பார், அடியில் லோவர் பார். உள்ளூர்க் கார்களான மைவியோ வீராவோ, பானட்டைத் திறந்தால் ஒரு கலர் குழாய் குறுக்கே நிற்கும். போட்டவரைக் கேட்டால் “ஹேண்ட்லிங் வேற மாதிரி அண்ணே” என்பார். எப்படி வேறு மாதிரி என்று கேட்டால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவார். நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஃபிட்டர். இரும்பு வளைவதும், போல்ட் நழுவுவதும், வெல்டிங் விட்டுப்போவதும் அன்றாடம் பார்க்கிறவன். அதனால் எனக்கு அந்தக் கையாட்டல் போதவில்லை.

கார் என் தாய்மாமாவுடையது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு வாங்கினார். ஒரு காலத்தில் டாக்டரும் வக்கீலும் தோட்டத் துரையும் வைத்திருந்த வண்டி அது. 1967இலேயே ஷா ஆலாமில் வோல்வோ கார்களைக் கோக்கும் ஆலை வந்துவிட்டது. 240 வரிசை 1974 முதல் 1993 வரை ஓடியது. உலகம் முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். மாமாவுடையது 1989 மாடல். தகரம் கனமானது, கதவு மூடினால் அலமாரி மூடும் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட வண்டி முறுக்குமா என்றுதான் நானும் நினைத்தேன்.

முறுக்கும். நம்பாதவர்கள் ஒரு சதுர பிஸ்கட் டின்னை எடுத்துப் பாருங்கள். மூடியை அழுத்தி மூடிவிட்டு இரண்டு கையாலும் முறுக்கினால் அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் வாய்ப்பக்கம் கோணிக்கொண்டு போகும். தகரம் அதே தகரம்தான். ஒரு பக்கம் திறந்தவுடன் பெட்டியின் பலம் போய்விடுகிறது. செடான் காருக்குப் பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரச் சுவர் இருக்கிறது, பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அந்தப் பெட்டியை மூடிவிடுகின்றன. வேகனில் அந்தச் சுவரும் கிடையாது, தட்டும் கிடையாது. முன் சீட்டிலிருந்து பின் கதவு வரை ஒரே கூடம், அதன் கடைசியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய வாய். சாமான் ஏற்ற எது வசதியோ அதுவேதான் முறுக்குக்கும் வழிவிடுகிறது.

என் காரில் அதற்குக் கண்கண்ட சாட்சி ஒன்று இருந்தது. பின் கதவின் பக்கவாட்டில், கதவு மூடும்போது சட்டத்தில் போய் முட்டும் இடத்தில், கட்டை விரல் அகலத்துக்கு பெயிண்ட் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மூடித் திறப்பதால் மட்டும் அப்படித் தேயாது. மூடியிருக்கும்போதே சட்டம் கதவின் மேல் உரசிக்கொண்டிருந்தால்தான் தேயும்.

அளந்தும் பார்த்தேன். கதவு நிலை வைக்கும் தச்சர் மூலைக்கு மூலை அளப்பாரே, அதே முறை. இரண்டு மெல்லிய சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நீட்டிக் குறைக்கும்படி ரப்பர் வளையம் மாட்டி, பின் கதவைத் திறந்து வாயின் மேல் இடது மூலைக்கும் கீழ் வலது மூலைக்கும் நடுவே நிறுத்திக் கோடு போட்டேன். பிறகு பின்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜேக்கில் தூக்கினேன். கோடு விலகியது. நன்றாக மூன்று மில்லிமீட்டர் இருக்கும். நிற்கிற காரிலேயே இவ்வளவு என்றால் ஓடுகிற காரில் என்ன நடக்கும் என்று யோசித்தபோதுதான் தவில் ஏன் முனகுகிறது என்பது எனக்குப் பிடிபட்டது.

இதில் என்ன கெடுதல்? சின்ன வயதில் அம்மா தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி மாட்டிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கம்பு ஒவ்வொரு எட்டுக்கும் வளைந்து எழும். அம்மாவின் நடை அதற்கு ஒத்துப்போகும்வரை ஒரு சொட்டு சிந்தாது. திடீரென்று நின்றால் அம்மா நின்றுவிடுவார். கம்பு இன்னும் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். காரின் பாடியும் அப்படி ஒரு ஸ்பிரிங்தான். கீழே இருக்கும் ஸ்பிரிங்குக்கு அப்சார்பர் உண்டு, ஆட்டத்தை அடக்கும். பாடி என்கிற ஸ்பிரிங்குக்கு அப்சார்பர் கிடையாது. (யமஹா இதற்கென்றே பாடியின் அதிர்வை அடக்கும் டேம்பர் செய்து விற்கிறது. பார்வைக்கு பார் மாதிரிதான் இருக்கும். உள்ளே ஒரு அப்சார்பர்.) ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்பகுதி திரும்பிவிடுகிறது. நீளமான பின்பகுதி முறுகி, பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் தாமதித்து வந்து சேர்கிறது. வேகன் ஓட்டுகிறவர்கள் ‘பின்னாடி வேற கார் வருது’ என்பது அதைத்தான்.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஈப்போவில் ஒரு கடையில் 180 ரிங்கிட்டுக்கு ஒரு முன் ஸ்ட்ரட் பார் வாங்கினேன். போர்மேன் (மெக்கானிக்) அண்ணனின் பட்டறையில் மாட்டினேன். மாட்டிய கையோடு அவர் எலைன்மெண்ட் பார்த்தார், நான்கு டயருக்கும் காற்று வைத்தார். அன்று மாலை கேமரன் மலை ரோட்டில் ஏறினேன். மூக்கு கூராக, சொன்ன இடத்துக்குப் போனது. எல்லாப் பெருமையும் பாருக்கே என்று நம்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சந்தேகத்தில் பாரைக் கழற்றிவிட்டு அதே ரோட்டில் போனேன். அதே கூர்மை! அன்று என் காரைத் திருத்தியது காற்றும் எலைன்மெண்டும்தான்.

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டேன். பாரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அண்ணன் காரை மேலே தூக்கினார். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் பின் புஷ் (மூட்டு ரப்பர்) இரண்டும் கிழிந்திருந்தன. ரப்பர் தனியாக, இரும்பு தனியாக. பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பன்ஹார்ட் ராடின் புஷ் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கம்பியை வைத்து நெம்பினால் அரை விரல் ஆடியது. “இதை வச்சுக்கிட்டு மேல பார் போட்டு என்ன தம்பி பண்ண? செருப்பு வார் அறுந்தவன் இடுப்புல பெல்ட் கட்டின மாதிரிதான்” என்றார். புஷ்களை மாற்றினோம். இந்தக் காரில் நான் செலவழித்ததிலேயே அதிக மாற்றம் தந்த காசு அதுதான், இன்றுவரை.

அப்புறம்தான் பாரை நேர்மையாகச் சோதிக்க முடிந்தது. அதற்கு முன் ஒரு கணக்கு. 240இல் முன் சக்கரம் மெக்பர்சன் ஸ்ட்ரட்டில், அதாவது ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த ஒற்றைக் காலில் நிற்கிறது. கீழே ஒரு கை, மேலே கோபுரத்தில் (அந்தக் காலின் தலை பாடியில் சேரும் மேடு) ஒரு மவுண்ட். டேப் வைத்து அளந்தேன்: தரையிலிருந்து கீழ்ப் பந்துமூட்டு சுமார் 20 சென்டிமீட்டர், மேல் மவுண்ட் சுமார் 80. வளைவில் டயர் 300 கிலோ பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் மவுண்டை ஊன்றுகோலாக வைத்து நெம்புகோல் கணக்குப் போட்டால் கீழ்க் கைக்கு 400 கிலோ வருகிறது. மேல் கோபுரத்துக்கு 100 கிலோதான், அதுவும் எதிர்த் திசையில். எல்லோரும் பானட்டுக்குள் பளபளப்பாகப் பார் போடுவது 100 கிலோ வரும் இடத்தில். 400 கிலோ வரும் இடம் அடியில், எண்ணெய்க் கறைக்குள் இருக்கிறது. யார் கண்ணுக்கும் அது அழகில்லை.

அதற்காக மேல் பார் வீண் என்று சொல்லிவிட முடியாது. பள்ளத்தில் விழும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கோபுரம் உள்ளே சாயப் பார்க்கும். அங்கே பார் முட்டுக் கொடுக்கும். ஆனால் நான் முதலில் வாங்கிய பாரில் குழாய் இரண்டு முனையிலும் ஒற்றை போல்ட்டில் கீல் மாதிரி தொங்கியது. நேராகத் தள்ளினால் தாங்கும், கோணினால் கூடவே கோணும். போல்ட் ஓட்டை வேறு நீளவாக்கில் இருந்தது. இறுக்கிப் பிடிக்கும் உராய்வு போய்விட்டால் மொத்தமும் நழுவும். ஆலையில் இப்படி ஒரு இணைப்பை நான் போட்டால் சூப்பர்வைசர் திரும்பக் கழற்றச் சொல்லுவார். அதனால் தடித்த தட்டு, பக்கத்துக்கு இரண்டு போல்ட், ஓட்டை போல்ட்டுக்குச் சரியாக, என்று அண்ணனும் நானும் புதிதாக ஒன்று செய்தோம். கார் நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்கும்போதுதான் அதை இறுக்கினோம். ஜேக்கில் தூக்கி வைத்து இறுக்கினால் பாடியின் கோணலையும் சேர்த்துப் பூட்டிவிடுவோம்.

சோதனைக்கு ஓர் ஏற்பாடு செய்தேன். குழாயைத் தட்டோடு சேர்க்கும் போல்ட்களை அண்ணன் இறுக்கியோ தளர்த்தியோ வைப்பார். எனக்குச் சொல்ல மாட்டார். தளர்ந்த குழாய் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்காமல் இருக்க இடுக்கில் சைக்கிள் ட்யூப் துண்டு. டயர் காற்று ஒவ்வொரு தடவையும் 230 கே.பி.ஏ. காலை ஆறரைக்கு, மலையிலிருந்து காய்கறி லோரிகள் இறங்கும் நெரிசலுக்கு முன், 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவி வரை போய்த் திரும்புவேன். பிறகு என் ஊகத்தைச் சொல்வேன். ஆறு தடவையில் நான்கு சரியாக வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே மூன்று வரும். சரியாகச் சொன்ன தடவைகளில் நான் பிடித்துக்கொண்ட அடையாளம் ஒன்றுதான்: வளைவின் நடுவே ரோட்டில் ஒட்டுப்போட்ட இடம் வந்தால் ஸ்டீயரிங்கில் வரும் சிறு நடுக்கம், பார் இறுகியிருக்கும்போது ஒரே தட்டில் முடிந்துவிடும். தளர்ந்திருந்தால் இரண்டு மூன்று நடுக்கமாக நீளும். வேகம் கூடவில்லை. டயர் பிடி கூடவில்லை. கூடவும் முடியாது, பிடி டயரிலிருந்துதான் வரும். அந்தத் தட்டு மட்டும் சுத்தமாக வந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அதனால் பார் இன்னும் காரில் இருக்கிறது. ஆனால் ‘ஹேண்ட்லிங் வேற மாதிரி’ என்று சொல்ல மாட்டேன்.

அடியில் போட்ட லோவர் பார் தார் ரோட்டில் இதைவிடத் தெளிவாகத் தெரிந்தது, கணக்குச் சொன்னது போலவே. செம்பனைக் குலை லோரிகள் குழிபறித்த தோட்டத்து ரோட்டில் ஒரு கல்லில் மூன்றாவது வாரமே வளைந்துபோனது. திரும்பப் போடவில்லை.

ஆனால் இவை எல்லாம் முன்பக்கத்துச் சமாச்சாரம். தவில் இன்னும் முனகிக்கொண்டுதான் இருந்தது. பின் கோபுரங்களுக்குக் குறுக்கே ஒரு பார் போடு என்று பலர் சொன்னார்கள். 1990களின் டொயோட்டா கொரோலா மாதிரி பின் சக்கரமும் ஸ்ட்ரட்டில் நிற்கும் காருக்கு அதில் ஓர் அர்த்தம் உண்டு. 240இல் பின்னால் இருப்பது ஒற்றை ஆக்சில். பக்கவாட்டு விசையைப் பாடிக்குக் கொண்டுவருவது பன்ஹார்ட் ராட், அது வந்து சேருவது பாடியின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பிராக்கெட்டில். விசை வராத இடத்தில் முட்டுக் கொடுத்து என்ன பயன்?

என் காரின் நோய் பின்கதவு வாயில்தான் இருந்தது. நான்கு சட்டத்தை ஆணியடித்துச் சதுரமாக்கினால் அது சாயும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் நிற்கும். ஆலையில் குலை ஏற்றும் கன்வேயரின் தாங்கி முழுக்க முக்கோணம் முக்கோணமாக இருப்பது அதனால்தான். ரேஸ் கார்களும் இந்த வழியில்தான் போகின்றன. 1985இல் 240 டர்போ ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தை வென்றது. 1994இல் வோல்வோ 850 வேகனையே பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டியில் இறக்கினார்கள். ரிக்கார்ட் ரிடலும் யான் லாமர்ஸும் ஓட்டினார்கள். அந்தக் கார்களின் உள்ளே கூண்டு மாதிரி குழாய் பின்னியிருக்கும். அப்படிக் கூண்டு கட்டிய வண்டிக்கு வேகன் வாய் ஒரு குறையே இல்லை.

சரி என்று 32 மில்லிமீட்டர் குழாயில் பெருக்கல் குறி மாதிரி ஒன்று செய்தேன். பின்கதவுச் சட்டத்தின் நான்கு உள் மூலைகளிலும் ஓட்டை போட வேண்டியிருந்தது. மாமாவின் காரில் துளையிட மனசு வரவில்லை. டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். கடைசியில் போட்டேன். ஓட்டையின் விளிம்பில் துருத் தடுப்புப் பூசி, பின்னால் தட்டு வைத்து இறுக்கினேன். ஜேக்கில் தூக்கி அதே சட்டங்களை வைத்துப் பார்த்தால் கோடு அப்படியே நின்றது. விலகல் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

தவிலை அந்த வாய் வழியாக ஏற்ற முடியாதே. பின் சீட்டை மடக்கி, பக்கக் கதவு வழியாகத் திணித்தோம். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். தோட்டத்து ரோடு, சின்னப் பாலம், ஒரு பக்கப் பள்ளம். தவில் பேசவில்லை. திரும்பி வந்து மறுபடி போனேன். பேசவில்லை.

நெடுஞ்சாலைப் பாலங்களின் இணைப்பில் ‘தடக் தடக்’ என்று பின்னால் தனியாகக் கேட்கும் சத்தம் முன்பக்கத்துச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. மலை ரோட்டில் ‘எஸ்’ வளைவில் இடது முடிந்து வலது தொடங்கும்போது இருந்த அந்த இடைவெளி, பின்பகுதிக்காகக் காத்திருக்கும் அந்த அரைக் கணம், இல்லை. ஸ்டீயரிங்கை முன்னைவிடக் குறைவாகத் திருத்தினேன். அண்ணன் வைத்த சோதனையில் ஆறுக்கு ஆறும் சரியாகச் சொன்னேன். வேகன் என்று தெரியாமல் ஒருவரைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்தால் செடான் என்றுதான் சொல்லுவார். இரண்டு வருஷத்தில் போட்ட பார்களிலேயே கார் மாறியது என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பதினோரு நாள் வைத்திருந்தேன். தங்கச்சி தோட்டத்துக் கோயில் பூசைக்கு வாழைக்குலையும் அண்டாவும் ஏற்ற வந்தது. பின்கதவைத் திறந்ததும் அப்படியே நின்றது. “என்னண்ணே இது, ஜன்னலுக்குக் கம்பி போட்ட மாதிரி?” அண்டாவைப் பக்கக் கதவு வழியாக எப்படித் திருப்பினாலும் நுழையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப்பைக் கேட்டு வாங்கி ஏற்றி அனுப்பினோம். அன்று இரவு பெருக்கல் குறியைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் சுவரில் சாத்தி வைத்தேன். நான்கு ஓட்டைகளுக்கும் ரப்பர் அடைப்பு வைத்தேன். மாமா இந்த வண்டியை வாங்கியது சாமான் ஏற்றத்தான், நான் வைத்திருப்பதும் அதற்குத்தான்.

மறு வாரம் திருவிழா. தவில் பின்கதவு வழியாக ஏறியது, அதன் பழைய இடத்தில், பழைய துணியின் மேல் படுத்தது. கூட ஆள் அதிகம், மாப்பிள்ளை பின் சீட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். சின்னப் பாலம் தாண்டியதும் இடது பக்கப் பள்ளம் வரும் என்று அவருக்குத் தெரியும். பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்துக்கொண்டார்.